பின்னறையின் பச்சை விளக்கு

என் செல்ல மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நான் நலம். நாங்கள் நலம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. பதறாதே, முதலில் உட்கார். குழந்தை மடியில் இருந்தால் மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் படி. போனில் சொல்லலாம்தான், ஆனால் இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அப்பா காதில் விழுகிறது, குரலைத் தாழ்த்தினால் நீ அங்கே ஹலோ ஹலோ என்று கத்துவாய். அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். கோழி கிளறிய மாதிரி இருக்கும், பெரிதாக்கிப் பார்த்துக்கொள்.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை கண்ணு. சளி காய்ச்சல் மாதிரி இல்லை. வயிற்றில் கட்டி என்றார்கள், ஈரல்வரைக்கும் போய்விட்டது என்றார்கள், அறுக்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது, வீட்டில் வைத்து வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். இதெல்லாம் தெரிந்தது நீ குறைமாதத்தில் பிள்ளை பெற்று, பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்த சமயத்தில். எந்த வாயால் உன்னிடம் சொல்வேன்? குழந்தை தேறி, விமானத்தில் ஏற்றலாம் என்று அங்கே உள்ள டாக்டர் சொல்லும்வரை உன் காதுக்குப் போகக் கூடாது என்று அப்பா என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இப்போது மீறுகிறேன். ஏன் மீறுகிறேன் என்றால் அதற்கு அந்த வைஃபை கதையைச் சொல்லியாக வேண்டும், சிரிக்காதே.

அப்பா முகம் கலங்கலாகத் தெரிகிறது, பாதிப் பேச்சில் உறைந்து நிற்கிறார், ஏதாவது செய்யுங்கள் அம்மா என்று நீதான் நச்சரித்தாய். மாப்பிள்ளையும் தன் பங்குக்கு வைஃபையை அறைக்கு அறை எடுத்துக் கொடுக்கிற ஆக்சஸ் பாயின்ட் மூன்று வாங்கி அனுப்பினார். அதற்கு முன்னால் நானே கடையில் ஒரு சிக்னல் பூஸ்டர் வாங்கி நடுவறையில் சொருகி வைத்திருந்தேன். அது வாங்குவதில் பாதியை விழுங்கிவிட்டு மீதியைத்தான் கொடுத்தது, சில மனிதர்களைப் போல. பிறகு நெட் வேலை பார்க்கிற ஒரு பெண் வந்தாள். தன் ஏணியைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு வந்ததால் அப்பா அவளுக்கு ஏணி என்றே பேர் வைத்துவிட்டார், அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. நம் வீடுதான் ரயில் பெட்டி மாதிரி நீளம், பின்னறையோ பிறகு கட்டியது, நடுவில் தடிச் சுவர், சுவரை ஒட்டி இரும்பு பீரோ. முன்னறையில் இருக்கும் ரவுட்டர் எவ்வளவு முக்கினாலும் அதைத் தாண்டிப் போகாதாம். ஏணி கூரையோரமாக வயர் இழுத்து முன்னறையில் ஒன்று, சமையலறை வாசலில் ஒன்று, பின்னறையில் அப்பா கட்டிலுக்கு மேலே ஒன்று என்று மாட்டினாள். கவிழ்த்து வைத்த வெள்ளைத் தட்டு மாதிரி இருக்கிறது, நடுவில் ஒரு பச்சை விளக்கு.

முதலில் ஒவ்வொரு தட்டுக்கும் ஒவ்வொரு பேர் வைத்தாள். நான் முன்னறையில் உன்னோடு பேச ஆரம்பித்து, அப்பாவிடம் கொடுக்கலாம் என்று நடந்தால் சமையலறை தாண்டும்போது பேச்சு அறுந்துவிடும், போன் முன்னறைத் தட்டையே பிடித்துக்கொண்டு தொங்கும். அப்புறம் அவளே மறுநாள் வந்து மூன்றுக்கும் ஒரே பேர், ஒரே பாஸ்வேர்டு வைத்தாள், ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் இருக்க சிக்னல் போகிற சேனலை மட்டும் வேறு வேறாக மாற்றினாள், பவரையும் குறைத்தாள். இப்போது போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலிருந்து பின்னறைவரை நடந்தாலும் நூல் அறுவதில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் அவளுக்கு இரண்டு தம்ளர் டீ கொடுத்தேன்.

அதற்குப் பிறகும் நீ கலங்கல் கலங்கல் என்றே சொன்னாய். எனக்கு வந்ததே கோபம். ஏணியைக் கூப்பிட்டு, என்னம்மா வேலை பார்த்தாய் என்று பிடி பிடி என்று பிடித்தேன். பாவம், அவள் தன் போனில் எதையோ திறந்து பார்த்துவிட்டு, முன்னறையும் சமையலறையும் ஒழுங்காக ஓடுகின்றன, பின்னறைத் தட்டு மட்டும் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அணைந்து அணைந்து எரிகிறது, அந்த நேரத்தில் யாராவது சுவிட்சை நிறுத்துகிறீர்களா என்று கேட்டாள். அது நீ கூப்பிடுகிற நேரம். யார் நிறுத்தப் போகிறார்கள் என்று அவள் மேலேயே எரிந்து விழுந்தேன்.

அடுத்த ஞாயிறு உன் போன் வருவதற்குச் சற்று முன்னால், கழுவிய பாத்திரத்தோடு பின்னறை வாசல் பக்கம் போனேன். அப்பா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, துணி வெட்டுகிற நீள மர ஸ்கேலை எட்டி நீட்டி, சுவரிலிருக்கும் சுவிட்சைத் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை தவறி மூன்றாவது தடவை பட்டது. மேலே பச்சை விளக்கு அணைந்தது. அப்புறம் ஸ்கேலைப் போர்வைக்கு அடியில் தள்ளிவிட்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, சமையலறைத் தட்டிலிருந்து கசிந்து வருகிற சிக்னலில் உன்னோடு சிரித்துச் சிரித்துப் பேசினார். நான் பாத்திரத்தோடு அப்படியே நின்றேன்.

நீ போனை வைத்ததும் சண்டை போட்டேன். பிள்ளை அங்கே தவிக்கிறாள், நான் இங்கே ஊரைக் கூட்டித் தட்டு மாட்டுகிறேன், நீங்கள் படுத்துக்கொண்டே அணைக்கிறீர்களா என்று கத்தினேன். அவர், “அவ பச்சை உடம்புக்காரி. என் மூஞ்சியத் தெளிவாப் பார்த்தா அங்க தனியா உக்காந்து அழுவா. கலங்கலா இருந்தா பழி வைஃபை மேல போயிரும்,” என்றார். அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. போட்டிருந்த சட்டையின் காலரும் தோளும் கச்சிதமாக இருந்தன. உடம்பு பாதியாகிவிட்ட மனிதருக்குப் பழைய சட்டை எப்படிப் பொருந்தும்? ஒவ்வொரு சட்டையாகப் பிரித்து, தானே உள்ளே வாங்கித் தைத்திருக்கிறார், நான் கடைத்தெருவுக்குப் போகிற நேரமாகப் பார்த்து. ஊருக்கெல்லாம் தைத்த கை, கடைசியில் தன் இளைப்பை என்னிடமிருந்து மறைக்கத் தைத்திருக்கிறது. அன்றைக்கு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

ஆனால் என்னைச் சத்தியத்தை மீற வைத்தது அதுவும் இல்லை. நீ போனை வைத்த பிறகு ஒவ்வொரு தடவையும் அப்பா என்னிடம் கேட்பார், பயலுக்கு மூக்கு யார் மாதிரி, கன்னத்தில் குழி விழுகிறதா, புருவம் வந்துவிட்டதா என்று. இப்போதுதானே நீங்களே பார்த்தீர்கள், என்னை ஏன் தொணதொணக்கிறீர்கள் என்று நானும் சலித்துக்கொள்வேன். மறுநாள் துணி காயப்போடும்போது சுரீர் என்று உறைத்தது. அந்தத் தட்டை அணைத்தால் இவர் முகம் உனக்குக் கலங்குகிறது என்றால், பயல் முகமும் இவருக்குக் கலங்கத்தானே செய்யும். தன் பேரன் முகத்தை இந்த மனிதர் போனில் இதுவரை ஒரு தடவைகூடத் தெளிவாகப் பார்க்கவில்லை. உன்னை அழ வைக்கக் கூடாது என்று அதையும் விட்டுக்கொடுத்திருக்கிறார். நீ அனுப்புகிற போட்டோவைப் பார்க்கலாமே என்றால், போட்டோவில் பிள்ளை கொட்டாவி விடுமா என்கிறார். இதற்கு மேல் என்னால் முடியவில்லை கண்ணு.

இனி அந்த சுவிட்சை அவர் அணைக்க நான் விட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது எதுவும் கேட்காதே, முதலில் குழந்தையைப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டு, அவர் போதும் என்கிறவரை காட்டு. அப்புறம் உன் முகத்தைக் காட்டு. அவரைப் பார்த்ததும் உனக்குத் தூக்கிவாரிப் போடும், கன்னம் ஒட்டி, கண் மஞ்சளாக, நம் அப்பாவா இது என்று இருக்கும். அழுகை வந்தால் அழு, பெற்ற அப்பாவுக்கு அழாமல் யாருக்கு அழப் போகிறாய். போனை மட்டும் வைத்துவிடாதே. புறப்பட்டு வா என்று நான் சொல்ல மாட்டேன், வராதே என்றும் சொல்ல மாட்டேன், குழந்தையின் டாக்டர் என்ன சொல்கிறாரோ அப்படிச் செய். நேரத்துக்குச் சாப்பிடு, பால் கொடுக்கிற உடம்பு.

இதுவரை எழுதிவிட்டு நிமிர்ந்தால் அப்பா பின்னால் நிற்கிறார். சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னறைவரை நடந்தே வந்திருக்கிறார், எனக்குச் சத்தமே கேட்கவில்லை. தாளை மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை, படித்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு, பயலின் மார்பு அளவும் தோள் அளவும் கேட்டு எழுது என்றார். மாப்பிள்ளையின் நண்பர் அடுத்த வாரம் அங்கே கிளம்புகிறாராமே, அவரிடம் ஒரு சட்டை கொடுத்துவிடலாம் என்றார். வளர்கிற பிள்ளை, ஒரு வயதுக்கு ஆகிற மாதிரி பெரிதாக வெட்டுங்கள் என்றேன். உனக்கே தெரியும், நீ சின்னதில் போட்ட எந்தச் சட்டையும் தைத்த வருஷம் உனக்குப் பொருந்தியதே இல்லை, அப்படித் துணி விட்டு வெட்டுகிறவர். தலையை ஆட்டினார். “வேணாம். இப்ப இருக்கிற அளவுக்கே வெட்டுறேன். போட்டுக் காட்டச் சொல்லு, நான் பார்க்கணும்,” என்றார்.

அதனால் இதைப் படித்து முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, டேப்பை எடுத்து அளந்து இன்றைக்கே அனுப்பு. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். நீங்கள் மூவரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், பயல் எலும்பும் சதையுமாகத் தேறி இந்த வீட்டில் ஓடி விளையாட வேண்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். ஒன்று மட்டும் மறக்காதே, அப்பா மனசுக்காக அளவைக் கூட்டிச் சொல்லிவிடாதே, இருக்கிறதை இருக்கிறபடி அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா