அறுபத்திரண்டாயிரம் என்று நான் சொன்ன வண்டி

இன்று காலை விழுப்புரத்தில் ஒரு ஷெட்டில், ஓடிக்கொண்டிருந்த டீசல் இன்ஜினின் ஆயில் மூடியைத் திறந்தேன். குபுக்கென்று சூடான புகை முகத்தில் அடித்தது. எரிந்த ஆயிலும் காய்ந்த இரும்பும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் வந்து நின்றுவிட்டாய். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது.

விற்க வந்தவர் சின்ன வயதுக்காரர். டேஷ்போர்டில் பச்சையாக மின்னிய எண்ணைக் காட்டி, எழுபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, ஒரே கை வண்டி என்றார். நான் எண்ணைப் பார்க்கவில்லை. மூடியைத் தலைகீழாகத் திருப்பி அந்தத் துவாரத்தின் மேல் சும்மா வைத்தேன். வாணலியில் பொரிகிற நெல் மாதிரி அது குதித்துக் கீழே விழுந்தது. இன்ஜின் உள்ளே தேய்ந்துபோனால்தான் புகை அப்படித் தள்ளும். "தம்பி, இது ரெண்டு லட்சத்தத் தாண்டி ரொம்ப நாளாச்சு" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. சொன்னது என் வாய்தான், ஆனால் பார்த்தது உன் கண். எனக்கென்று சொந்தமாக எந்தக் கண்ணும் கிடையாது என்பது உனக்குத் தெரியும்.

தொண்ணூற்று மூன்றில் என்னிடம் இருந்தது ஒரு சைக்கிளும் ஒரு டைரியும். யார் வீட்டில் வண்டி விற்பனைக்கு நிற்கிறது, யார் வண்டி தேடுகிறார்கள் என்று எழுதி வைத்துக்கொண்டு திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் அலைந்த புரோக்கர் நான். எனக்குப் பேசத் தெரியும், வண்டி தெரியாது. நீ திண்டிவனத்தில் ஒரு அரிசி மில் முதலாளியின் கார் டிரைவர். மரக்காணம் பக்கம் கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவன். படகில் ஏறினாலே குமட்டிக்கொண்டு வந்ததால் ஸ்டியரிங்கைப் பிடித்ததாக நீயே சொல்லிச் சிரிப்பாய். இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஞாயிற்றுக்கிழமை மில் லீவு. அன்றைக்கு என் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வண்டி பார்க்க வருவாய்.

வந்ததும் நீ செய்கிற முதல் வேலை, தோளில் கிடக்கிற துண்டை எடுத்து மீட்டரின் மேல் போட்டு மூடுவது. விற்பவர்கள் விழிப்பார்கள். "மீட்டரு எங்க போயிடப் போவுது. வண்டி இன்னா சொல்லுதுன்னு மொதல்ல கேப்போம்" என்பாய். அந்தக் காலத்து மீட்டரில் ஐந்து எண்கள்தான். தொண்ணூற்று ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஓடிவிட்டால் மறுபடியும் சைபரிலிருந்து பிறக்கும். எத்தனையாவது பிறவி என்று மீட்டர் சொல்லாது. நீ சொல்லிவிடுவாய். கிளட்ச் பெடல் ரப்பரின் தேய்மானம், டிரைவர் பக்கத்துக் கதவு கொஞ்சம் தூக்கினால்தான் சாத்துகிறதா, ஸ்டியரிங் வளையத்தில் கை பட்டுப் பட்டு ஏறின பளபளப்பு, சாவித் துவாரத்தைச் சுற்றிய கீறல் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பாய். மீட்டருக்குப் பின்னால் போகிற கேபிளின் திருகில் பிளையர் பல் பதிந்திருந்தால், யாரோ கழற்றி மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள் என்று உதட்டைப் பிதுக்குவாய். வீட்டு வண்டி வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டாயிரம் ஓடும், டிராவல்ஸ் வண்டி அதை இரண்டு மாதத்தில் ஓடிவிடும். இவ்வளவையும் கூட்டிக் கழித்து ஒரு எண் சொல்வாய். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

கடலை மண்டி வைத்திருந்த ஒரு மல்லாட்டை வியாபாரியின் வண்டியைப் பார்க்கப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? போனதும் பானெட்டில் கையை வைத்தாய். சுட்டது. டீசல் வண்டியின் வயது, ராத்திரி முழுக்க ஆறிக்கிடந்த இன்ஜினைக் காலையில் முதல் தடவை கிளப்பும்போதுதான் தெரியும். அதை மறைக்க முன்கூட்டியே கிளப்பிச் சூடாக்கி வைப்பார்கள். காலையிலேயே எங்கே போய் வந்தீர்கள் என்று கேட்டாய். கோயிலுக்கு என்றார். "போன உங்க நெத்தியில ஒண்ணும் காணோம், வண்டி மட்டும் பக்தியில சூடா கீது" என்றாய். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த வாரம் அவர் பல் விளக்குவதற்கு முன்னால் போய் நின்றோம். எட்டாவது தடவைதான் கிளம்பியது. தெருவே வெள்ளைப் புகையில் மறைந்துபோனது.

இப்படி நான்கைந்து வருஷம். நான் சொந்தமாக வண்டி வாங்கி நிறுத்தி விற்கிற அளவுக்கு வளர்ந்தேன். திண்டிவனத்தில் ரோட்டோரமாக ஒரு கொட்டகையும் போட்டேன். நீ மில் காரையே ஓட்டிக்கொண்டிருந்தாய்.

அந்த வெள்ளை வண்டிக்கு வருகிறேன். சென்னையில் ஐந்து வருஷம் டிராவல்ஸில் ஓடிய டீசல் கார். சல்லிசாக வருகிறது என்று நான் தனியாகப் போய் எடுத்துவந்தேன். உன்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரியும். மூன்று லட்சத்துக்குக் கிட்ட ஓடியிருக்கும். விழுப்புரத்தில் மீட்டர் ரிப்பேர் செய்கிற ஒருவரிடம் கொடுத்து அறுபத்திரண்டாயிரம் என்று வைக்கச் சொன்னேன். அதோடு நிறுத்தவில்லை. நீ எங்கெல்லாம் கையை வைப்பாயோ அங்கெல்லாம் போனேன். பெடல் ரப்பர் மாற்றினேன், அதுவும் புதியது போட்டால் சந்தேகம் வரும் என்று பாதி தேய்ந்ததைத் தேடிப் போட்டேன். கதவுக் கீலை இறுக்கினேன். ஸ்டியரிங்குக்கு உறை தைத்தேன். சாவித் துவாரத்தை மாற்றினேன். கேபிள் திருகில் தடம் விழாமல் இருக்கத் துணி சுற்றித் திருகச் சொன்னேன். புகை அடங்க, கெட்டி ஆயில் ஊற்றினேன். நீ எனக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்துச் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் திருப்பிப் போட்டு ஒரு திருட்டுக்குப் பயன்படுத்தினேன். சத்தியமாக உனக்கு விற்க நினைத்துச் செய்ததில்லை. ஆனால் செய்தபோது மனசுக்குள் ஒரு பெருமை இருந்தது. இவனே வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது என்று.

மூன்று வாரம் வண்டி நகரவில்லை. அப்போதுதான் நீ வந்தாய். பொம்மையார்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதிக்காரர், சொந்த வண்டி இருந்தால் மாதம் பூராவும் வேலை தருகிறேன் என்று சொல்லிவிட்டாராம். மில் வேலையை விட்டுவிட்டேன் என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. கொட்டகையில் நின்ற நான்கு வண்டிகளில் உன் வசதிக்கு ஒத்துவந்தது அந்த ஒன்றுதான்.

வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாய். நான் உன் தோளில் கிடந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அங்கேயே கிடந்தது. பானெட்டையும் திறக்கவில்லை. திறந்துவிட மாட்டாயா என்று ஒரு பக்கம் இருந்தது. திறந்துவிடப் போகிறாயே என்று ஒரு பக்கம் இருந்தது.

"பாக்கலியா?" என்று கேட்டேன்.

"உங்கிட்ட வாங்கற வண்டிய நோண்டிக்கினு இருந்தா நல்லாவா இருக்கும் மச்சான்?" என்றாய்.

நம் பக்கத்து வழக்கம் அப்படி. வேண்டியவனிடம் வண்டி வாங்கும்போது பானெட்டைத் தூக்கினால் அவனைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும். ஊராருக்கெல்லாம் பார்த்துச் சொன்னவன், உனக்கென்று வாங்கும்போது மரியாதைக்காகப் பார்க்காமல் விட்டாய். வாயில் வார்த்தை வந்துவிட்டது. வேண்டாம், வேறு வண்டி வரட்டும், பொறுத்துக்கொள் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் நான் சொன்னது வேறு. "அறுபத்திரெண்டாயிரந்தான் ஓடிக்கீது" என்றேன். நீ கேட்கவே இல்லை. நானாகத்தான் சொன்னேன்.

ஏன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். குடும்பக் கஷ்டம், கழுத்தில் கத்தி என்றெல்லாம் ஒன்றும் இல்லை. மழைக்காலம் வருகிறது, வண்டி நின்றே துருப்பிடிக்கும், போனால் போதும் என்றிருந்தது. அதைத் திறந்து பார்க்காமல் வாங்கக்கூடிய ஒரே ஆள் நீ. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் இருந்திருந்தால் இன்றைக்கு எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஏழெட்டு மாதம் ஓட்டினாய். டிக்கியில் ஆயில் டின் வைத்துக்கொண்டு போகிறாய் என்று கேள்விப்பட்டேன். உன்னைப் பார்ப்பதைத் தவிர்த்தேன். பிறகு ஒரு மத்தியானம் கிளியனூரிலிருந்து போன் செய்தாய். விடுதிக்கு வந்திருந்த ஒரு குடும்பத்தைச் சென்னை விமான நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போகும்போது இன்ஜின் பேரிங் அடித்துக்கொண்டு நின்றுவிட்டது. நான் கயிற்றோடு வந்தபோது அவர்கள் வேறு வண்டி பிடித்துப் போயிருந்தார்கள். விமானம் கிடைக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. விடுதிக்காரர் அன்று சாயந்திரமே வேறு ஆளை வைத்துக்கொண்டார்.

நீ புளிய மரத்தடியில் உட்கார்ந்திருந்தாய், கை முழுக்கக் கரி. நான் பக்கத்தில் வந்ததும் எழுந்து என் தோளைப் பிடித்தாய்.

"நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத மச்சான். மெட்ராஸ்காரன் உன்ன ஏமாத்திட்டான். இன்ஜினு மூணு லட்சமாவது ஓடியிருக்கும்" என்றாய்.

நான், "ஆமா" என்றேன்.

அந்த "ஆமா"வை என்னால் விழுங்க முடிந்ததில்லை. மீட்டரைத் திருப்பியது வியாபாரம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம், அந்தச் சந்தையில் பலரும் செய்தது. ஆனால் நடுரோட்டில் பிழைப்பு போய் நிற்கிற நீ எனக்கு ஆறுதல் சொன்னாய். அதையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு நீ சொந்த வண்டி வைக்கவே இல்லை. மில்லில் வேறு டிரைவர் வந்துவிட்டார். யார் யாருடைய வேனையோ ஓட்டினாய். முதுகு போனது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் கொட்டகைக்கு வந்தாய். "இனிமே என்னக் கேக்காம எந்த வண்டியும் எடுக்காத. உன்ன ஜல்தியா ஏமாத்திடுறானுங்க" என்று சொல்லிவிட்டு, வந்த வண்டியை எல்லாம் பார்த்துக் கொடுத்தாய். எத்தனையோ வருஷம். நான் ஏமாறக்கூடாதென்று. அவரிடம் வாங்கினால் வண்டி சுத்தமாக இருக்கும் என்று திண்டிவனத்தில் எனக்குப் பெயர் வந்தது அப்படித்தான். அந்த வெள்ளை வண்டியில் நானும் ஏமாந்ததாகக் கடையில் உட்கார்ந்து நானே பல பேரிடம் கதை சொல்லியிருக்கிறேன். நீயும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறாய்.

நீ நிஜமாகவே நம்பினாயா? இல்லை, எனக்குத் தப்பிக்க ஒரு கதவைத் திறந்துவிட்டாயா? ஒரு பார்வையில் வண்டியின் வயதைச் சொல்லிவிடுகிற உனக்கு, அவிழ்த்துப் போட்ட இன்ஜினையும் பாதி தேய்ந்த ரப்பரையும் பார்த்தபோது எதுவும் தோன்றவில்லையா? தெரியவில்லை. மஞ்சள் காமாலையில் நீ புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான்கு நாள் வந்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு நாளும் சொல்லத்தான் வந்தேன். நீ என்னடாவென்றால் கொட்டகையில் நின்ற நீல வண்டி விற்றதா என்று விசாரித்துக்கொண்டிருந்தாய். ஐந்தாம் நாள் போனபோது கட்டில் காலியாக இருந்தது.

போன வாரம் உன் வீட்டுக்குப் போனேன். நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற உன் பெண்டாட்டி வாசலில் உட்கார்ந்து கருவாடு பிரித்துக்கொண்டிருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மீட்டர், ரப்பர், கெட்டி ஆயில், கிளியனூர், எல்லாம். அது தலை நிமிராமல் கேட்டது. அழவில்லை, திட்டவில்லை. முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டது.

"அவருகிட்ட சொன்னீங்களாண்ணா?"

"இல்லம்மா."

"அப்புறம் என்கிட்ட எதுக்கு வந்து சொல்றீங்க?"

தங்கச்சி எழுந்துபோய் நாற்காலி எடுத்துப் போட்டது, டீ கொடுத்தது. குடித்துவிட்டுத்தான் வந்தேன். ஒரு வாரமாக அந்தக் கேள்வியோடு படுத்து அந்தக் கேள்வியோடு எழுந்திருக்கிறேன். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவனை விட்டுவிட்டு, சுமையை இறக்கிவைக்க வேறு இடம் தேடிப் போயிருக்கிறேன். அதுவும் ஒரு புரோக்கர் புத்திதான்.

அதனால் இதை உனக்கே எழுதுகிறேன். நீ படிக்கப் போவதில்லை, எனக்குத் தெரியும். இறக்கிவைக்கவும் முடியாது, நானே சுமக்க வேண்டியதுதான். இருந்தாலும் கிளியனூர் புளிய மரத்தடியில் சொல்லியிருக்க வேண்டியதை ஒரு தடவையாவது உன்னைப் பார்த்துச் சொல்லிவிடுகிறேன்.

என்னை யாரும் ஏமாத்தல மச்சான்.