அப்டேட்டை அமுக்கியது நான்தான்

என் அருமைத் தலைவலி கலைச்செல்விக்கு,

நீ போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. அங்கே டவர் எடுக்கிறதா? எடுத்தால் இந்நேரம் மாதம் எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை ஜிபி, பக்கத்தில் இருப்பவர் வைத்திருப்பது என்ன மாடல் என்றெல்லாம் விசாரித்து முடித்திருப்பாய். இங்கே நான்தான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

முதலில் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். நீ அதைத்தான் கேட்பாய். மடிக்கிற போனை இப்போது மூன்றாக மடிக்கிறார்களாம். புடவை மடித்தே அலுத்துப்போன நமக்கு அது எதற்கு? பெட்டிக்குள் சார்ஜர் வைப்பதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது, இனி ஒயரும் இருக்காது என்று பேசிக்கொள்கிறார்கள். இட்லி வாங்கினால் சட்னி தனி என்கிற கதைதான். உன் பச்சை ஆப்பில் ஒரு வட்டம் வந்து உட்கார்ந்திருக்கிறது. எது வேண்டுமானாலும் கேள், பதில் சொல்கிறேன் என்கிறது. உன்னை இங்கிருந்து எப்படி எடுப்பது என்று அந்த வட்டத்திடமே கேட்டேன். ரொம்பப் பணிவாக, பக்கம் பக்கமாக விளக்கம் சொன்னது. ஆனால் உட்கார்ந்த இடத்தை விட்டு நகரவில்லை.

டார்ச் அடிக்கிறதற்கு ஒரு ஆப்பை ஏற்றினேன். என் சொந்தக்காரர்கள் நம்பரை எல்லாம் அது பார்க்க வேண்டுமாம். கரண்டு போனால் விளக்குப் பிடிக்கிறதற்கு என் நாத்தனார் நம்பர் எதற்கடி?

இதற்கெல்லாம் உன்னிடம் ஒரு சமாதானம் இருந்திருக்கும். நம் பீங்கான் யூனிட்டில் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்கும் முன்னால் போனைத் திறப்பாய். எவனோ ஒருவன் வீடியோவில் சொன்னதை எல்லாம் நீயே கண்டுபிடித்த மாதிரி எனக்கு ஒப்பிப்பாய். நான் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே தலையாட்டுவேன். கம்மாபுரம் பக்கம் ஒரு காது குத்துக்கு என் ஸ்கூட்டியில் போனோமே, நினைவிருக்கிறதா? மேப்பில் பேசுகிற அம்மா நேராகப் போ, நேராகப் போ என்று சொல்லி, சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்ட நிலத்தின் வேலி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். ரோடு போய், ஊரே இடம் மாறிப் போயிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. வேலிக்கு முன்னால் நின்றுகொண்டு நீ அவளுக்குத்தான் பரிந்து பேசினாய். பாவம், அதுவும் கத்துக்கணும் இல்ல என்றாய். எனக்கு வந்த கோபத்தில் உன்னை அங்கேயே இறக்கிவிட்டுப் போயிருப்பேன்.

என்னோடு உனக்கு ஓயாத சண்டை ஒன்று உண்டு. அப்டேட். என் போன் அதைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்தே போய்விட்டது. நன்றாக ஓடுகிறதை எதற்குக் கெடுப்பது என்பது என் கட்சி. "அப்டேட் பண்ணாத போனு கழுவாத பாத்திரம்டி" என்பது உன் கட்சி. என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொள்வாய்.

சரி, சுற்றி வளைத்தது போதும். இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே ஒரு தப்பை ஒப்புக்கொள்ளத்தான்.

உன் புதுப் போன் வந்த அன்று நடந்ததை மறந்திருக்க மாட்டாய். ஃபினிஷிங்கில் உட்கார்ந்து, அச்சிலிருந்து எடுத்த பொம்மையையும் கோப்பையையும் ஈர ஸ்பாஞ்சாலும் உப்புத்தாளாலும் தேய்த்துத் தேய்த்து உன் விரலில் ரேகையே இல்லாமல் போயிருந்தது. ரேஷன் கடை மெஷினே உன்னைத் தெரியாது என்று கைவிட்டுவிட்டு, கண்ணைக் காட்டச் சொன்னது. போன் மட்டும் எடுத்துக்கொள்ளுமா? பத்து விரலையும் வைத்துப் பார்த்தாய். தேங்காய் எண்ணெய் தடவி வைத்தாய். எதற்கும் மசியவில்லை. பேக்கிங்கில் காகிதம் சுற்றுகிற என் கையைப் பிடித்து இழுத்துப் பெருவிரலை வைத்தாய், டக்கென்று ஏற்றுக்கொண்டது.

அன்றிலிருந்து கை முழுக்க மண்ணாக இருக்கும்போதெல்லாம் "சாந்தி, கதவத் தொற" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பாய். வேலையை விட்டுவிட்டு வந்து திறந்துவிடுவேன். மற்ற நேரத்துக்கு ஒரு நம்பர் வைத்திருந்தாய். அதையும் மாதா மாதம் மாற்றுவாய். பிறந்த தேதி வைக்கக் கூடாது, கல்யாணத் தேதி வைக்கக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது என்று வீடியோக்காரன் சொன்னதை வேதமாக எடுத்துக்கொண்டாய். நல்லது. யாருக்கும் தெரியவில்லை.

நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் மூன்றாம் நாள் மூட்டையாக வந்தாய். எல்லோருக்கும் தகவல் சொல்ல உன் போனைத் திறக்க வேண்டியிருந்தது. உன் வீட்டுக்காரருக்குப் போன் என்றால் காதில் வைக்கிற சாமான், அவ்வளவுதான். உன் மகள் அபிதான் போனைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள். வைத்தேன், திறந்தது. உனக்காக அன்று என்னால் செய்ய முடிந்த ஒரே வேலை அது.

மறுநாள் அபி சொன்னாள், "நீங்களே வச்சிருங்க சித்தி. காரியம் முடியட்டும், அம்மா எடுத்த படத்த எல்லாம் என் போன்ல ஏத்திக்கிறேன்." பத்திரமாக வைத்திருந்தேன். அன்று மத்தியானமே உன் போன் அப்டேட் கேட்டது.

என்னுடையதாக இருந்தால் தள்ளிவிட்டிருப்பேன். உன்னுடையதாயிற்றே. இருந்திருந்தால் ஓடி வந்து அமுக்கியிருப்பாய் என்று நினைத்தேன். உயிரோடு இருக்கும்போது ஒரு தடவைகூட உன் பேச்சைக் கேட்காதவள், நீ செத்த மறுநாள் கேட்டேன். அமுக்கினேன். அது அணைந்து, நிதானமாகத் திரும்ப எழுந்தது. பெருவிரலை வைத்தேன். திருப்பி எழுப்பினால் நம்பரைப் போட்டால்தான் திறக்குமாம், பாதுகாப்புக்காக என்றது. யாரிடமிருந்து யாருக்குப் பாதுகாப்பு?

தோன்றிய நம்பரை எல்லாம் போட்டேன். அரை நிமிஷம் பொறு என்றது, பிறகு அரை மணி, பிறகு ஒரு நாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் போன் ரிப்பேர் பார்க்கிறவரிடம் கொண்டுபோனேன். உள்ளே இருப்பதை மொத்தமாக அழித்தால்தான் திறக்க முடியும் என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, நீங்கள் அமுக்காவிட்டாலும் இரண்டு மூன்று நாளில் அதுவே நம்பர் கேட்டிருக்கும் என்று ஆறுதல் சொன்னார். அந்த இரண்டு மூன்று நாளில் அபி எல்லாவற்றையும் எடுத்திருப்பாளே!

அபியிடம் சொல்லவில்லை. பாண்டிச்சேரி ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டு, அம்மா போனுக்கு சார்ஜ் போடுகிறீர்களா என்று கேட்பாள். போடுகிறேன் என்பேன். பொய்யில்லை, தினமும் போட்டேன். பூட்டின வீட்டுக்கு வாசல் தெளித்த மாதிரி. காலை ஐந்தரைக்கு உன் அலாரம் மட்டும் தவறாமல் அடித்தது. அதை நிறுத்துவதற்கு நம்பர் கேட்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவள் நேராகவே கேட்டாள். பேட்டரி சரியில்லை, கடையில் கொடுத்திருக்கிறேன் என்று வாய் கூசாமல் சொன்னேன். நர்ஸிங் படிக்கிற பிள்ளை, என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கலாம். நம்பினாள். அதுதான் என்னைத் தின்றது.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தாள். இதற்கு மேல் முடியாது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அப்டேட், நம்பர், கடைக்காரர், பேட்டரி என்று சொன்ன பொய், எல்லாம். திட்டுவாள் என்று பார்த்தேன். உன் போனைக் கையில் வாங்கி, திறக்காத அந்த முகப்பையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அதில் அவளும் அவள் அப்பாவும் நெய்வேலியில் ஏதோ கல்யாணத்தில் நிற்கிற படம்.

"இதுல நாங்கதான் இருப்போம் சித்தி. அம்மா இருக்க மாட்டாங்க. எடுக்கிறவங்க எப்படி அதுல இருப்பாங்க?" என்றாள். பிறகு, "அம்மா ஒங்க போன்லதான் இருக்காங்க. தெனம் ஒங்களுக்குத்தான வீடியோ அனுப்புவாங்க. எனக்கு அனுப்புனா படிப்பு கெட்டுப்பூடும்னு சொல்லுவாங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆமாம், அனுப்புவாய். ஒரே யூனிட்டில் பத்தடி தள்ளி உட்கார்ந்துகொண்டு, நேரில் சொல்லியும் தீராததை வீட்டுக்குப் போய் முகத்தைக் காட்டிப் பேசி வீடியோவாக அனுப்புவாய். நான் அதைத் தானாக இறங்காதபடி அடைத்து வைத்திருந்தேன். இடம் போய்விடும் என்று. ஒரு கட்டை விரல் ஆமாம் போட்டுவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். பார்த்துவிட்டதாக நீ நினைத்துக்கொள்வாய்.

அபி என் போனை வாங்கி உன் பெயரைத் திறந்தாள். வரிசையாக நீ, மங்கலாக, கலங்கின தண்ணீருக்குள் தெரிகிற முகமாக. ஒன்றை அமுக்கினாள். இந்த வீடியோ இப்போது இல்லை, அனுப்பியவரிடம் திரும்ப அனுப்பச் சொல்லுங்கள் என்று வந்தது. அடுத்ததை அமுக்கினாள். அதற்கும் அதேதான். அமுக்க அமுக்க அதேதான். ஒரு மாதம் வரைதான் எடுத்து வைத்திருப்பார்களாம் சித்தி, அதற்குள் இறக்கிக்கொள்ளாவிட்டால் போய்விடும் என்று மெதுவாகச் சொன்னாள்.

கணக்குப் போடவே வேண்டியதில்லை கலை. அப்டேட்டை அமுக்கிய அன்றே சொல்லியிருந்தால் ஒரு மாத வீடியோ கிடைத்திருக்கும். பதினாறாம் நாள் சொல்லியிருந்தாலும் பாதி கிடைத்திருக்கும். பூட்டின போனுக்கு நான் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும், திறந்து கிடந்த என் போனில் நீ ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறாய். அப்டேட்டை அமுக்கியது அறியாமல் செய்தது. இது அப்படியில்லை. பயந்துகொண்டு வாயை மூடியதால் வந்தது.

கடைசி மூன்று மட்டும் இன்னும் இருந்தன. இடம் இல்லை என்றது. குட் மார்னிங் படங்களை எல்லாம் அபி அழித்துத் தள்ளினாள், மூன்றும் இறங்கின. முதலாவது ஓடியது. நெற்றியோரத்தில் மண் காய்ந்து வெள்ளையாக இருக்க, உன் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு வந்தாய். பின்னால் குக்கர் சத்தம்.

"சாந்தி, நீ இத பாக்க மாட்ட, எனக்குத் தெரியும். கட்ட வெரலு மட்டும் போடுவ. பரவால்லடி, நான் சொல்லி வைக்கிறேன்" என்று ஆரம்பித்தாய். பிறகு போனை முழுசாகச் சார்ஜ் ஏற்றக் கூடாது, எண்பதில் நிறுத்த வேண்டும் என்று ஒன்பது நிமிஷம் பேசினாய். இடையில் குக்கரை அணைக்கப் போனாய், வெறும் சுவர் தெரிந்தது, திரும்ப வந்தாய். அபி அந்தச் சுவரையும் விடாமல் பார்த்தாள். முடிந்ததும் முதலிலிருந்து போட்டாள். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து போனால் அவள் தனியாக இருப்பாள் என்று உட்கார்ந்திருந்தேன்.

மூன்றையும் அவள் போனுக்கு ஏற்றிக்கொண்டாள். உன் போனை அழிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி எடுத்துப் போய்விட்டாள். இனி ஐந்தரை அலாரம் பாண்டிச்சேரியில் அடிக்கும், ஹாஸ்டல் பிள்ளைகள் உன்னைத் திட்டும்.

நேற்று அவள் எனக்கு ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறாள். ஹாஸ்டல் சாம்பாரைக் கரண்டியால் கிண்டிக் காட்டி, இதில் பருப்பைக் கண்டுபிடிக்க ஒரு ஆப் இருந்தால் சொல்லுங்கள் சித்தி என்கிறாள். உடனே திறந்து கடைசி வரை பார்த்தேன். இனி அவள் அனுப்புகிற எதையும் திறக்காமல் வைக்க மாட்டேன், எவ்வளவு அறுவையாக இருந்தாலும் பாதியில் விட மாட்டேன், அவளிடம் எதையும் மறைக்க மாட்டேன். உன் மேல் சத்தியம்.

போன் சொன்னதையும் ஒரு தடவை கேட்டுவிடுகிறேன். திரும்ப அனுப்புடி, கலை.

உன் மகளுக்குச் சித்தி,
சாந்தி