ஜோடி விதி

அன்பே,

இல்லை, கோபமெல்லாம் இல்லை. வரி அதிகாரிகள் சோதனைக்குத் தனியாகப் போகக்கூடாது, போகும் இடத்தில் காபிகூடக் குடிக்கக்கூடாது என்ற அரசின் சீர்திருத்த ஆணையை, இங்கே அமைச்சகத்தில் உட்கார்ந்து எழுதியதே நான்தானே.

அதனால்தான் அங்கே பூசான் நகரில் உன் ஜோடி அதிகாரி மிராங் உனக்கும் சேர்த்துச் சோறு கட்டி வருகிறாள். நேற்று நீ போனில் பேசும்போது பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. "முட்டைச் சுருளை மிச்சம் வெச்சீங்கன்னா அழுதுடுவேன் சார்!" நீ சிரித்தாய். அப்படி நீ சிரித்துக் கேட்டு வெகுநாளாகிறது.

இன்று ஆணையில் ஒரு திருத்தம் சேர்த்தேன். ஜோடிகள் மாதாமாதம் மாற வேண்டும், நாடு முழுவதும்.

"லஞ்சத்துக்கு இடமே வைக்க மாட்டியேம்மா!" என்று இயக்குநர் மெச்சினார். நான் தலைகுனிந்து நன்றி சொன்னேன்.

பிறகு அதை அமைச்சரின் கையெழுத்துக்கு அனுப்பிவைத்தேன்.

உன் மனைவி