சம்பந்தியின் தாய்க்கு ஒரு பெயர்

கோபர்க், மெல்பேர்ண்
24.4.1977

அன்பு மகள் கமலினிக்கு,

முருகன் அருளால் அம்மாவும் நானும் எழும்பி நடமாடித் திரிகிறோம். டப்ளின் குளிரிலும் ஆஸ்பத்திரி வேலையிலும் நீ இளைத்துப் போகாமல் இருக்க அவனையே கேட்டுக்கொள்கிறேன். அண்ணாவின் சின்னவளுக்குப் பல் முளைக்கிறது, வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இல்லை. அம்மாவுக்கு முழங்கால் நோ, ஆனாலும் குசினிக்குள் வேறு ஒருவரை விடமாட்டாள். நான்தான் ஆஸ்பத்திரியும் வீடுமாகத் திரிகிறேன். உன் அண்ணி நோரீனின் தகப்பன் ஹான்லிக்கு ஈரலில் வந்த வருத்தம் இப்போது உடம்பு முழுவதும் பரவிவிட்டது. இனி நாட்கணக்குத்தான் என்று டொக்டர் உன் அண்ணா சிவபாலனைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். இப்படி இருக்கும்போதுதான் உன் நீல ஏரோகிராம் வந்தது.

சம்பந்தி ஹான்லியின் தாயைத் தேடச் சொல்லி உன்னை ஏன் இவ்வளவு அலைய வைத்தேன் என்று கேட்டிருந்தாய். கேட்க வேண்டிய கேள்விதான், நான் ஒழுங்காக எழுதவில்லை. போன வருடம் சித்திரா பௌர்ணமியன்று உன் அப்பம்மாவுக்காக நான் விரதம். கடையில் வாங்கிய பக்கற் தேங்காய்ப்பூவில் எப்படியோ பால் பிழிந்து அம்மா கஞ்சி காய்ச்சிப் படைத்தாள். அந்த நேரம் பார்த்துச் சம்பந்தி வந்தார். ஒரு கோப்பை வாங்கிக் குடித்துவிட்டு இது என்ன பெருநாள் என்று விசாரித்தார். தாயை இழந்தவர்கள் இன்று தாயின் பெயரைச் சொல்லிப் படைப்போம், செத்த தேதி தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்றேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, தேதி மட்டுமல்ல, பெயரே எனக்குத் தெரியாது என்றார். இங்கே கன்னியாஸ்திரிகளின் அநாதை விடுதியில் வளர்ந்தவர் என்று எங்களுக்குத் தெரியும், ஆனால் தாயைப் பற்றி அந்த மனிதர் வாய் திறந்தது அன்றுதான். நாற்பது வருடம் ட்ராம் ஓட்டியவர், ஒருவரிடமும் ஒன்றும் கேட்டறியாதவர், அடுத்த பௌர்ணமிக்கு அவள் பெயர் கிடைக்குமா என்று சின்னப்பிள்ளை மாதிரிக் கேட்டார். ஹான்லி ஐரிஷ் பெயர்தானே, என் மகள் அயர்லாந்திலேயே இருக்கிறாள், தேடினால் கிடைக்காமலா போகும் என்று நானும் வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

முதல் ஆறு மாதமும் ஹான்லி என்ற பெயரைக் கட்டிக்கொண்டு மாரடித்தோம். பிறகு விடுதியிலிருந்து பதில் வந்தது. ஹான்லி என்பது தாங்கள் வைத்த பெயர், தாய் அயர்லாந்தில் கிளேயர் பக்கத்திலிருந்து கப்பலில் வந்த வேலைக்காரப் பெண், தன் பெயரைச் சொல்லாமலே பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள் என்று எழுதியிருந்தார்கள். என் பெயருக்கு முன்னால் நிற்கும் வை. என்ற எழுத்து என்ன என்று சம்பந்தி அன்றைக்குக் கேட்டார். அப்பாவின் பெயர், எங்கள் ஆட்களுக்கு அப்படித்தான் என்றேன். கொடுத்து வைத்தவர் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

பழைய குடிசனக் கணக்கெல்லாம் டப்ளினில் உள்நாட்டுச் சண்டைக்குள் எரிந்து போயிற்று, மிச்சம் இருப்பது கோயில்களின் ஞானஸ்நானப் பதிவுகள்தான் என்று எழுதியிருக்கிறாய். லீவு நாட்களில் கிளேயர் வரை போய் அவற்றைப் புரட்டி, வயது பொருந்தக்கூடிய பெண்களின் பெயர்களை எல்லாம் பொடி எழுத்தில் கடதாசியின் மடிப்பு வரைக்கும் நிரப்பியிருக்கிறாய், பிரிட்ஜெட், நோரா, கேத்தரின் என்று. இவர்களில் ஒருத்தியாக இருக்கலாம், ஒருத்தியும் இல்லாமலும் இருக்கலாம், இதற்கு மேல் தேட வழியில்லை என்று முடித்திருக்கிறாய். என்னால் அதை அவரிடம் சொல்ல முடியவில்லை. போகும்போதெல்லாம் கமலினி எழுதினாளா என்று கேட்டார், தபால்காரர்கள் வேலைநிறுத்தம் என்று சமாளித்தேன். அம்மா சொன்னாள், சாகப்போற மனிசனுக்கு உதுக்குள்ள ஒரு பேரைப் பாத்துச் சொல்லுங்கோவன், ஆர் வந்து பிழையெண்டு சொல்லப்போகினம் என்று. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

நேற்று அந்த எண்ணத்தோடுதான் போனேன். அவர் என் சட்டைப் பையைக் காட்டி, அந்த நீலக் கடதாசி வந்து கன நாளாகிறது, இனி வாசியுங்கள் என்றார். கையும் களவுமாகப் பிடிபட்டேன். எல்லாவற்றையும் வாசித்தேன், கணக்கு எரிந்துபோன கதையையும் வாசித்தேன், பெயர்களையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்த பிறகு, நோராவாகத்தான் இருக்கும், நீங்களும் மகளுக்கு அதே சாயலில் நோரீன் என்றுதானே வைத்தீர்கள் என்று மெல்ல இழுத்தேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. யாரோ வைத்த பெயரில் எழுபத்து மூன்று வருடம் இருந்துவிட்டேன், என் தாய்க்கும் யாரோ ஒருத்தியின் பெயரை வைக்க வேண்டாம் என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நோரீன் வெளியே நின்று அழுதாள். எனக்கும் பொறுக்கவில்லை பிள்ளை, ட்ராமில் ஏறும் மட்டும் அடக்கி வைத்திருந்தேன்.

இனி நீ அந்தப் புத்தகங்களைப் புரட்டாதே. உன்னில் ஒரு குறையும் இல்லை. கிடைக்கக்கூடியதாக இருந்திருந்தால் நீ எடுத்திருப்பாய் என்று சம்பந்தியே சொன்னார். வருகிற மூன்றாம் தேதி சித்திரா பௌர்ணமி, அதுவரைக்கும் அவர் இருப்பார் என்று டொக்டர் நம்பவில்லை. அப்பம்மாவுக்கு வழக்கம்போலப் படைப்போம். பக்கத்தில் சம்பந்தியின் தாய்க்கும் ஒரு கோப்பை வைக்கவோ என்று அம்மா இன்று காலை கேட்டாள். வைக்கலாம், ஆரெண்டு சொல்லிப் படைக்கிறது என்றேன்.

நல்லூரான் உனக்கு நீண்ட ஆயுளும் நோயற்ற உடம்பும் தரட்டும். இரவு வேலைக்குப் போகும்போது அம்மா பின்னி அனுப்பிய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள், வெறும் தேத்தண்ணீரோடு கிடக்காதே. கடைசியாக ஒன்று. சம்பந்திக்கு ஆறுதலாக நாலு வரி எழுதலாம் என்று உனக்கு மனம் வரும், உன் குணம் எனக்குத் தெரியும். எழுதாதே மகள். அது இங்கே வந்து சேரும்போது வாசிக்க ஆள் இருக்காது.

உன்னை நினைத்தபடி,
அப்பா
வை. அரியரத்தினம்