வயலுக்குக் கீழே வெட்டிய சரிவு

குல்லு
29.10.1996

அன்புள்ள டெச்சென் அக்காவுக்கு,

பனியில் கணவாய் மூட இன்னும் நாலைந்து நாள்தான் என்கிறார்கள். அதனால் உருளைக்கிழங்கு ஏற்ற வரும் லாரிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உனக்குத் தேயிலைக் கட்டியும் அத்தானின் முழங்காலுக்குத் தைலமும் கூடவே வருகின்றன.

உங்கள் ஊர்ச் சாலையை அகலப்படுத்தும் வேலை முடிந்தது. நீ கேட்டுக்கொண்டபடியே உன் வயலில் ஒரு சாண்கூடத் தொடவில்லை. அதற்காக வயலுக்குக் கீழே சரிவைச் செங்குத்தாக வெட்ட வேண்டியதாயிற்று. மேலதிகாரி நிமிர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "கெட்டி மண்ணு சார், நிக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

ஒன்று மட்டும் கேள். பனி விழுவதற்கு முன் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சாதே. ஈரத்தோடு உறைந்த மண்ணை நம்ப முடியாது.

உன் அன்புத் தம்பி,
ரிக்ஸின்

*

18.3.1997

அன்புத் தம்பி ரிக்ஸினுக்கு,

அக்காவின் ஆசிகள். நாளை தபால் எடுக்கும் ஹெலிகாப்டர் வந்தால் இது உன் கைக்கு வரும். மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வேலை இருக்கும், தெரியும். இருந்தாலும் உன் அத்தான் ஒவ்வொரு ஹெலிகாப்டருக்கும் போய்க் கேட்டுவிட்டு வருகிறார்.

நீ சொன்னபடி தண்ணீர் பாய்ச்சவில்லை. பதினோரு வீட்டுக்காரர்களும் சேர்ந்து ஐப்பசியிலேயே வாய்க்காலைத் தலைப்பில் அடைத்துவிட்டோம். ஆனால் இந்த வருடப் பனி அதிகம். காலையில் பார்த்தால் சரிவு முழுக்க ஊசி ஊசியாகப் பனி முளைத்துக் கூழாங்கற்களைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. மத்தியானம் வெயில் பட்டதும் கற்கள் பொலபொலவென்று சாலையில் உதிர்கின்றன. ராத்திரி மறுபடி இறுகுகிறது. வயலின் ஓரத்தில் ஒரு வெடிப்பு. முந்தின வாரம் விரல் நுழைந்தது, இப்போது கை நுழைகிறது. கடப்பாரையைக் குத்திப் பார்த்தேன். முழங்கை ஆழம் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கி, அதன் கீழே டங்கென்று நின்றது. மேலே இளகிவிட்டது, அடியில் இன்னும் பாறை போலப் பனி. உருகிய தண்ணீருக்குப் போக இடமில்லை.

இதை எழுதக் காரணம், பனி தள்ளும் வேலைக்கு வந்த நேபாளக்காரர்கள் சரியாக அந்தச் சரிவின் அடியில் கூடாரம் போட்டிருக்கிறார்கள். சுக்மாயா என்றொரு பெண், அவள் புருஷன் கிர்மான், இன்னும் நாலு பேர். "இங்கதாங்கா காத்து அடிக்கல, வெயிலும் நல்லா விழுது" என்று சிரிக்கிறாள். மேஸ்திரி சொன்னால்தான் நகர்வார்களாம். மேஸ்திரி நீ சொன்னால்தான் சொல்வாராம். உடனே ஒரு வரி அனுப்பு.

அக்கா,
டெச்சென்

*

குல்லு
4.4.1997

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. வீணாகப் பயப்படாதே. வசந்தத்தில் எல்லாச் சரிவும் கொஞ்சம் உதிரத்தான் செய்யும். மே முதல் வாரத்துக்குள் வழியைத் திறக்க வேண்டும் என்று உத்தரவு. இப்போது கூடாரத்தை மாற்றச் சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். அந்தச் சரிவை இப்படி வெட்டியது யார் என்றும் கேட்பார்கள்.

இரண்டு வாரத்தில் நானே வந்து பார்க்கிறேன். அதுவரை நீ போய் அவர்களைக் கலைத்துவிடாதே. நான் சொல்வது உனக்குப் புரியும்.

உன் அன்புத் தம்பி,
ரிக்ஸின்

*

11.5.1997

ரிக்ஸினுக்கு,

ஏப்ரல் பதினாறாம் தேதி, மத்தியானம். மற்றவர்கள் வேலையில் இருந்தார்கள். சுக்மாயா காய்ச்சல் என்று கூடாரத்தில் படுத்திருந்தாள். பெரிய சத்தம்கூட இல்லை. கூழ் வழிவது போல மண் வழிந்து இறங்கியது. மண் போன இடத்தில் சாம்பல் நிறப் பனிக்கட்டி நனைந்து மின்னியது. கிர்மான் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையாலேயே தோண்டினான், வெட்டினால் அவள் மேல் பட்டுவிடுமோ என்று.

இருபதாம் தேதி நீ வந்தாய். சாலையில் நின்று அளந்தாய். என் வீட்டுக்கு ஏற எத்தனை நேரமாகும்? நீ ஏறவில்லை.

நேற்று ஊருக்கு நோட்டீஸ் வந்தது. வாய்க்கால் நீர் ஊறித்தான் சரிவு விழுந்தது என்று நீ அறிக்கை கொடுத்திருக்கிறாயாம். அதனால் வாய்க்காலை நிரந்தரமாக மூட வேண்டுமாம். ஐப்பசியிலேயே அடைத்தது உனக்குத் தெரியாதா? பக்கத்து வீட்டு ஆங்ரூப் வாசலிலேயே நின்று கேட்டார்: "ஒந்தம்பி படிச்சதெல்லாம் நம்ம தண்ணிய நிறுத்தத்தானா?"

இருபத்தாறாம் தேதி மாவட்டத் தலைநகர் கேலாங்கில் விசாரணை. நான் போகிறேன். "தம்பியக் காட்டிக் குடுக்கப் போறியா?" என்றார் உன் அத்தான். "என்னையும் சேத்துத்தான் சொல்லப் போறேன்" என்றேன். வயலைக் காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சியது நான். நீ எழுதிய ஒரு வரிக்காக வாயை மூடிக்கொண்டு, பத்து நாள் அந்தப் பெண்ணுக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்ததும் நான்தான்.

உனக்குத் தெரியாமல் செய்ய மனம் வரவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

டெச்சென்

*

குல்லு
2.6.1997

அக்காவுக்கு,

விசாரணையில் நீ பேசும்போது பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. அதிகாரி என்னை எழுப்பி, "இந்தம்மா சொல்றது நெஜமா?" என்று கேட்டார். "நெஜந்தான் சார்" என்றேன். அதற்குள் நீ வெளியே போய்விட்டாய்.

உன் கடிதம் விசாரணைக்கு ஐந்து நாள் முன்னாலேயே கைக்கு வந்துவிட்டது. நானே முந்திப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உன்னால் நிரூபிக்க முடியாது என்றுகூட ஓர் இரவு நினைத்தேன்.

வாய்க்கால் உத்தரவை ரத்து செய்துவிட்டார்கள். என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சரிவை இனிச் சாய்வாக வெட்டுவார்கள், வயலில் பதினாலு தப்படி போகும், அளவுக்காரர்கள் வந்தால் சண்டை போடாதே. அது இப்போது போட்ட கணக்கு இல்லை. நான் முதலில் வரைந்த வரைபடத்திலேயே அப்படித்தான் இருந்தது. நீ கேட்டதும் அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு வேறு வரைந்தேன்.

கிர்மான் இப்போது மணாலிக்கு மேலே கல் உடைக்கிறானாம். மண் தானாக விழுந்தது என்றுதான் அவனிடம் மேஸ்திரி சொல்லியிருக்கிறார். விசாரணைக்கு அவனைக் கூப்பிடவே இல்லை. நாளைக் காலை பஸ்ஸில் போகிறேன். அவள் சாவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பே எனக்குத் தெரியும் என்று அவனிடம் சொல்ல வேண்டும்.

அதன் பிறகு உனக்கு எழுதலாமா என்று தெரியவில்லை. வேண்டாம் என்றால் பதில் போடாதே.

ரிக்ஸின்