மூக்கை உறிஞ்சும் பயிற்சி

அன்பு மகளுக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் குட்டியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நான் சௌக்கியம், அப்பாவைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம், பயப்படாமல் கடைசிவரை படி.

இதயம் பலவீனம் என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து அப்பா விடும் புளுகு கொஞ்சநஞ்சம் இல்லை. கால் வீங்கினால் செருப்பு சுருங்கிவிட்டது என்பார். உன் பிரசவத்துக்கு விமானம் ஏறக் கூடாது என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான். டாக்டரம்மா இவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை, வயிற்றில் ஜெல்லியைத் தடவி ஸ்கேன் கருவியை வைத்து, ஈரலை ஒட்டிப் போகும் பெரிய ரத்தக் குழாயைத் திரையில் காட்டி, ஒருமுறை மூக்கை உறிஞ்சச் சொன்னார். குழாய் அசையவில்லை. "ரொம்பப் பெருசா இருக்கு" என்று டாக்டரம்மா சொன்னதுதான் தாமதம், உன் அப்பா காலமெல்லாம் பிளம்பர் வேலை பார்த்த மனுஷன் அல்லவா, பாராட்டு என்று நினைத்து, "பெரிய குழாய்னா அடைப்பே வராதும்மா" என்று டாக்டருக்கே பாடம் எடுத்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். நல்ல குழாய் என்றால் மூச்சை இழுக்கும்போது சுருங்க வேண்டுமாம், இதயம் இறைக்க முடியாத ரத்தம் பின்னால் தேங்கி இவருக்கு உப்பிக் கிடக்கிறதாம். உப்பையும் தண்ணீரையும் குறைத்து, நீர் பிரியும் மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, குழாய் சுருங்கினால்தான் பயணம் என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்தவர் மாத்திரையை மறந்துவிட்டு, பரீட்சைக்குப் படிப்பதுபோல் நாளெல்லாம் சர் சர்ரென்று மூக்கை உறிஞ்சிப் பழகினார். எதிர்வீட்டுக்காரி ஜலதோஷம் என்று நினைத்து மருந்து கொடுத்தனுப்பினாள். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அவர் இல்லாமல் நான் மட்டும் வந்து உன் குழந்தையைத் தூக்குவதா என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது. உப்பு டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டினேன், மாத்திரையை விழுங்கும்வரை எதிரிலேயே நின்றேன்.

நேற்று மறுபடியும் ஸ்கேன். இவர் படுத்தபடியே பெரிய உறிஞ்சலுக்குத் தயாரானார். டாக்டரம்மா, "சும்மா மூச்சு இழுத்து விடுங்க, போதும்" என்றார். அந்த மூச்சுக்கே குழாய் பாதிக்கு மேல் சுருங்கியதை என் கண்ணால் பார்த்தேன். "போய்ப் பேரப்பிள்ளையைப் பாத்துட்டு வாங்க" என்றார். அப்போதுதான் உன் அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். யாரும் உறிஞ்சச் சொல்லவில்லை.

அடுத்த மாதம் இரண்டு பேருமாக வருகிறோம். சுகப்பிரசவமாகி, தாயும் பிள்ளையும் நீடூழி வாழ வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, உன் வீட்டு உப்பு டப்பாவை இப்போதே ஒளித்து வை, எந்த இடம் என்று மாப்பிள்ளையிடமும் சொல்லாதே, அப்பா கேட்டால் மாப்பிள்ளை காட்டிக் கொடுத்துவிடுவார்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா