மூன்றாவது பெடல்

ஏங்க,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. சாயங்காலம் உங்கள் அக்கா வருகிறார், வீட்டில் இருங்கள்.

நாம் வாங்கப்போகிற புது ஸ்போர்ட்ஸ் செடானில் "கியர் மாடலே வராதுடி, எழுதி வச்சுக்கோ" என்று நேற்றுகூடச் சண்டை போட்டீர்களே! இன்று ஆலையிலிருந்து வெளிவந்த அதன் முதல் வண்டியே, நான் ஓட்டுகிற கார் ஏற்றும் டிரெய்லரில்தான் ஏறியது. கிளட்ச் பெடல் இருக்கிறது! நானே மிதித்து, கியர் போட்டு ஏற்றினேன். நீங்கள் ஆசைப்பட்ட, கூரையில் திறக்கும் சன்ரூஃப்தான் இல்லை. அது ஆட்டோமேட்டிக்கோடு உயர்ந்த மாடலில் வரும்போல. காற்று வேண்டுமானால் ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள். ஜெயித்தது நான்தான்!

பி.கு: என் முட்டி வலிக்காகத்தான் ஆட்டோமேட்டிக் கேட்டீர்களாமே. அக்கா போனில் போட்டு உடைத்துவிட்டார். என்னிடம் வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்?

சரி, நெரிசலில் கிளட்சை நீங்கள் மிதியுங்கள். சாலை காலியானதும் ஸ்டீயரிங் எனக்கு.